குழந்தைகள் கேட்டால் நகரம் பதில் சொல்ல வேண்டும்

1912இல் சிகாகோ நகரப் பொதுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புக்கு ஒரு புதிய பாடப்புத்தகம் வந்தது. பிள்ளைகள் வாழும் நகரத்தின் திட்டமே அதில் பாடம். கட்டிடக் கலைஞர் டேனியல் பர்னம், எட்வர்ட் பென்னட்டுடன் சேர்ந்து 1909இல் வெளியிட்ட சிகாகோ நகரத் திட்டத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எளிமையாக எழுதியிருந்தார்கள். ஏரிக்கரைப் பூங்காக்கள், அகலச் சாலைகள், ஆற்றங்கரைச் சீரமைப்பு எல்லாம் அதில் இருந்தன. நகரத் திட்டக் குழுவின் தலைவர் சார்லஸ் வேக்கரின் பெயரைத் தாங்கிய அந்தக் கையேட்டை எழுதியவர், குழுவின் நிர்வாகி வால்டர் மூடி. எட்டாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அன்றைய சிகாகோவில் ஏராளமான பிள்ளைகள் அந்த வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குமுன் நகரத் திட்டம் அவர்கள் மனதில் பதிந்துவிட வேண்டும்.

நோக்கத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை. திட்டத்தின் ஒவ்வொரு பெரிய வேலைக்கும் கடன் பத்திரம் வழியே பணம் திரட்ட வேண்டும். அதற்கு வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் பேசினால் பெற்றோர் வாக்களிப்பார்கள். அந்தப் பிள்ளைகளே வளர்ந்த பிறகும் வாக்களிப்பார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் சிகாகோ மக்கள் இந்தத் திட்டம் தொடர்பான எண்பதுக்கும் மேற்பட்ட கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். படக்காட்சி, துண்டறிக்கை, சொற்பொழிவு என்று வேறு பிரச்சாரங்களும் நடந்தன என்றாலும் பாடப்புத்தகத்தின் பங்கு சிறியதல்ல.

நகரத் திட்டத்தை ஒரு பள்ளிப் பாடமாக நினைத்துப் பார்த்த துணிச்சலுக்காக அந்தக் கையேட்டை நான் மதிக்கிறேன். நம்மிடம் இன்றுவரை அப்படியொன்று இல்லை. ஆனால், அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் மிகப் பலர் நெருக்கடியான குடியேறிகள் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். வீட்டு வசதியைப் பற்றி அந்தத் திட்டம் மிகக் குறைவாகவே பேசியது. 'உன் தெருவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை?' என்று புத்தகம் பிள்ளையைக் கேட்கவில்லை. பெரியவர்கள் முடிவெடுத்துவிட்ட நகரத்தை ரசிக்கக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அறுபது ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. 19ஆம் நூற்றாண்டில் நெருக்கமாகக் கட்டப்பட்ட டி பைப் என்ற குடியிருப்புப் பகுதி. குறுகலான தெருக்களின் இருபுறமும் கார்கள் அடைத்து நின்றன. விளையாட இடமே இல்லை. அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பகுதியை ஆராய்ந்தார்கள்; ஒரு தெருவையாவது விளையாட்டுத் தெருவாக மாற்றித் தாருங்கள் என்று கேட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தெருவின் குறுக்கே தடுப்பு வைத்தார்கள். கோபத்தோடு காரிலிருந்து இறங்கிய பெரியவர்கள் தடுப்பை இழுத்துத் தள்ளுவதும் பிள்ளைகள் அசையாமல் நிற்பதும் 1972இல் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கின்றன.

அதே காலத்தில் நெதர்லாந்து முழுவதும் ஒரு துயரம் திரண்டுகொண்டிருந்தது. 1971இல் மட்டும் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. 1976இல், குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடி, சைக்கிள் அமைப்புகளின் விடாப்பிடி, நகராட்சிகளின் மனமாற்றம் என்று பல காரணங்கள் சேர்ந்தே அந்த நாட்டின் தெருக்களை மாற்றின. ஆனாலும், தடுப்பின் பின்னால் நின்ற பிள்ளைகளின் பங்கை யாரும் மறுக்க முடியாது. பெரியவர்கள் விதியென்று ஏற்றுக்கொண்டிருந்த ஒரு நிலையை அவர்கள் ஏற்கவில்லை. 2010இல் நெதர்லாந்தில் சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 14 ஆகக் குறைந்திருந்தது.

ஒரு நகரம் தன் குழந்தைகளுக்கு அறிமுகமாகும் வழிகள் இந்த இரண்டும்தான். ஒன்று, திட்டத்தைக் காட்டிக் கைதட்டச் சொல்வது. மற்றது, தெருவைக் காட்டிக் கேள்வி கேட்கச் சொல்வது. கேட்டதற்குப் பதிலும் சொல்வது. இரண்டாவது வழியில் மட்டுமே எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதிலும் 'பதில் சொல்வது' என்ற பாதி இல்லாவிட்டால் அந்த வழியும் வீண்.

நம் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் பொதுவெளிக்கு வரும் நேரங்களை நினைத்துப் பாருங்கள். நெகிழி ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, தலைக்கவசம், வாக்களிக்கும் கடமை என்று ஏதாவது ஒன்றுக்காக விழிப்புணர்வுப் பேரணி. காலை வெயிலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். அட்டையில் இருக்கும் வாசகம் அவர்களுடையதல்ல. கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் அதிகாரி அவர்களில் ஒருவரிடமும் எதுவும் கேட்பதில்லை. 'என் கனவு நகரம்' என்று ஓவியப் போட்டி நடக்கும். வானுயர்ந்த கட்டிடங்களையும் பறக்கும் ரயிலையும் வரைந்த பிள்ளைக்கு முதல் பரிசு. தன் தெருவின் உடைந்த வடிகாலை வரைந்த பிள்ளை எந்தப் பட்டியலிலும் இருக்காது.

ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய ஒரு சிறு நூலில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே இருக்கும் மூன்று படிகள், குழந்தைகளைக் கையாள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. இந்த மூன்றும் பங்கேற்பே அல்ல என்பது அவர் வாதம். நம் பேரணிகள் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நிற்கின்றன. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலிடத்துச் சுற்றறிக்கை வருகிறது, புகைப்படம் எடுத்து மாலைக்குள் அனுப்ப வேண்டும், அனுப்புகிறார்கள். அந்த அரை நாளை வேறு விதமாகவும் செலவிட முடியும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

குழந்தைகளை ஏன் கேட்க வேண்டும்? அவர்கள் நாளைய குடிமக்கள் என்பதற்காக அல்ல. அந்தச் சொல் அவர்களைக் காத்திருக்கச் சொல்கிறது. நகரத்தைக் காலால் அளப்பவர்கள் இன்றைக்கே அவர்கள்தான். கார் ஓட்டத் தெரியாது, வாக்கு இல்லை, கையில் பணம் இல்லை. பள்ளிக்கும் டியூஷனுக்கும் கடைக்கும் நடந்தோ சைக்கிளிலோ போகிறார்கள். நடைபாதை இல்லையென்றால் பெரியவர்கள் ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 9,528 பேர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள். நாளொன்றுக்கு 26 பிள்ளைகள். நெதர்லாந்தில் ஒரு தகப்பன் கொலை என்று எழுதியதை நாம் இன்னும் விபத்து என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது அது. நல்ல கொள்கை, தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் போன்ற சில பலன்களும் கிடைத்தன. ஆனால், அந்தக் கொள்கையால் அதிகம் பயன்பெற வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேருக்கு அப்படியொன்று இருப்பது தெரியும்? தெரியாத உரிமையை எப்படிக் கேட்பார்கள்?

இப்படிச் செய்து பார்க்கலாம். ஒரு மாநகராட்சிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், ஐந்தைந்து பேராக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவிடமும் ஓர் அளவு டேப், சாக்பீஸ், பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டரைக் காட்டும் வெற்று வரைபடம். முதல் வேலை, அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைவது. எங்கே சாலையைக் கடக்கப் பயம், எந்த முனையில் நாய்கள், எந்த டாஸ்மாக் கடையைத் தாண்டும்போது அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், எந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை. இது எதுவும் எந்த அதிகாரியின் கோப்பிலும் இல்லாத தகவல். பிள்ளைகளைக் கேட்டால் மட்டுமே கிடைக்கும்.

அடுத்தது அளப்பது. நடப்பவர்களுக்கான வசதிகள் பற்றி இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சிறு பிள்ளையும் முதியவரும் ஏறி இறங்கக்கூடிய உயரம் அது. டேப்பை விரித்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர், நிறுத்தி வைத்த பைக்குகள், வீட்டுக்காரர் கட்டிக்கொண்ட சாய்தளம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? பிள்ளை அதை எழுதிக் கீழே தேதியும் இடமும் குறித்தால் அது வெறும் புகார் அல்ல, ஆவணம். 'நடைபாதை சரியில்லை' என்று சொல்பவரை அலுவலகம் எளிதில் திருப்பி அனுப்பிவிடும். '1.8 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 60 சென்டிமீட்டர் இருக்கிறது' என்று எழுதிக் கொடுப்பவரைத் திருப்பி அனுப்புவது கடினம்.

மூன்றாவது, நிலத்தைப் படிப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வில் வரைபடத்தில் மலைகளையும் ஆறுகளையும் துறைமுகங்களையும் குறிக்கிற பிள்ளைக்குத் தன் பள்ளி எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்று தெரியாது. அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து, ஒரு நிலம் பட்டா நிலமா, புறம்போக்கா, நீர்நிலையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைக் காணோம். தியாகராய நகரே 1920களில் நீண்ட ஏரி ஒன்றை வடித்துவிட்டு உருவாக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகள் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். 2015 வெள்ளத்தில் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏன் வந்தது என்று பெற்றோருக்கு விளக்கும் பிள்ளை, வெள்ளத்தை இனிமேல் இயற்கைச் சீற்றம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்காது.

இன்னொன்றும் படிக்கலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். பல இடங்களில் அந்த நிலம் பூங்காவாகவும் திடலாகவும் இருக்கிறது. சில இடங்களில் முள் மண்டிக் கிடக்கிறது. வேறு சில இடங்களில் வேலி போட்டு வேறு யாரோ அனுபவிக்கிறார்கள். விளையாட இடமில்லை என்று அழும் பிள்ளைக்கு, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதைவிட நல்ல கல்வி எனக்குத் தோன்றவில்லை. அந்தத் திடல் வேண்டும் என்பது வெறும் கோரிக்கை அல்ல. ஏற்கெனவே பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து.

இதெல்லாம் புதிய யோசனைகளும் அல்ல. 1970களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் காலின் வார்டும் ஆன்டனி ஃபைசனும், வகுப்பறையைத் தெருவுக்குக் கொண்டுபோகும் கல்வியை விரிவாக எழுதிவிட்டார்கள். வார்டின் 'நகரத்தில் குழந்தை' 1978இல் வந்தது. இத்தாலியின் ஃபானோ என்ற கடற்கரைச் சிறு நகரத்தில் 1991இல் பிரான்செஸ்கோ தோனுச்சி குழந்தைகளின் நகரம் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நகரங்கள் இதுவரை கார் ஓட்டி வேலைக்குப் போகும் ஆணை அளவுகோலாக வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் குழந்தையை வையுங்கள், மற்ற எல்லாருக்கும் நகரம் நல்லதாகிவிடும் என்றார் அவர். கொல்கத்தாவில், வரைபடங்களில் வெற்றிடமாக விடப்பட்டிருந்த ஒரு குடிசைப் பகுதியைப் பிரயாசம் என்ற அமைப்பைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் கையாலேயே வரைந்து, வீடு வீடாகக் குறித்தார்கள். எந்த வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து விட்டுப்போனது என்று அந்த வரைபடத்திலிருந்தே தெரிந்தது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் உண்டு. குமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் ஜானின் முன்னெடுப்பில் தொடங்கிய அக்கம்பக்கக் குழந்தைகள் நாடாளுமன்றங்கள், சுமார் முப்பது வீடுகளுக்கு ஒன்று என்று அமைந்தன. பிள்ளைகளே கூடித் தங்களுக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிக்கு வராத தோழி என்று பேசினார்கள். கர்நாடகத்தில், குறிப்பாகக் குந்தாப்பூர் வட்டாரத்தில், 1990களிலேயே குழந்தைகளின் பஞ்சாயத்துகள் நடந்தன. அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்துதான் அம்மாநிலத்தில் குழந்தைகள் கிராம சபை அரசு ஆணையோடு நடக்கிறது. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் பாலசபைகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி கிராமத்தை மையமாகக் கொண்டவை. நகரத்துக்கு வந்தால் குழந்தையின் குரல் மறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நகரங்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு உள்ளாட்சியில் பேச ஓர் இடமும் இல்லை.

1992 டிசம்பரில் இந்தியாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. அதே மாதத்தில் 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நகராட்சிகளின் பணிகளைப் பட்டியலிடும் பன்னிரண்டாம் அட்டவணையில் முதலாவதே நகரத் திட்டமிடல். பன்னிரண்டாவது, பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இரண்டையும் யாரும் சேர்த்து வாசிக்கவில்லை. விளையாட்டுத் திடல் நகராட்சியின் பணி. அதைப் பற்றிப் பேசுவது குழந்தையின் உரிமை. எனில், நகராட்சி குழந்தையைக் கேட்டாக வேண்டும்.

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2024இல் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்துக் கட்டணம் வசூலிக்கத் தீர்மானித்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது, தீர்மானம் கைவிடப்பட்டது. கைவிட்டது பாராட்டத்தக்கது. ஆனால், அந்தத் திடல்களில் தினமும் வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளை முன்கூட்டியே ஒரு மாலை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்தத் தீர்மானம் எழுதப்பட்டே இருக்காது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும்?

பாடம் கெட்டுப்போகும் என்பார்கள். இதற்கு அதிகம் பதில் சொல்ல வேண்டியதில்லை. அளப்பது கணக்கு, வரைவது புவியியல், மனு எழுதுவது தமிழ். கட்சிகள் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் தெருமறியலுக்கோ மேடைக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எவரையும் பள்ளி அனுமதிக்கக் கூடாது. பிள்ளைகள் பேசும் கூட்டம் பள்ளிக்குள், ஆசிரியர் முன்னிலையில் நடக்க வேண்டும். வந்து கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த முயற்சியைப் பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது. அக்கம்பக்கத்துக்காகக் குரல் கொடுப்பது எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. தெருவோரக் கடைகளை அகற்றச் சொல்லும் குடியிருப்போர் சங்கம் உண்டு. பூங்காவில் 'வெளியாட்கள்' நுழைவதைத் தடுக்கக் கதவு கேட்கும் சங்கம் உண்டு. கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பியபோது நகரம் அழகாகிறது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் சென்னைப் பிள்ளைகள்தான். நடந்துபோன பள்ளி அவர்களுக்கு ஒரே நாளில் பல கிலோமீட்டர் தொலைவாகிவிட்டது. பெரியவர்களின் பாகுபாட்டைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். பல ஊர்களில் எந்தப் பிள்ளை எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. வரைபடம் வரையச் சொன்னால் அதுவும் காகிதத்தில் வந்துவிடும். வர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால், அப்போது ஆசிரியர் பேச்சை மாற்றிவிடக் கூடாது. அதற்கு அவருக்குப் பயிற்சியும் மேலிடத்தின் துணையும் தேவை.

அதனால் ஒவ்வொரு குழுவும் தன் வரைபடத்தை முடித்த பிறகு ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதில் யார் இல்லை? பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் திடலில் காணாமல் போகிறார்களே, ஏன்? சக்கர நாற்காலியில் வரும் தோழன் இந்த வழியாக வர முடியுமா? கட்டிட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை எங்கே விளையாடுகிறது? காய்கறிக்கடை அக்கா நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை அகற்றச் சொல்லப்போகிறோமா, நடைபாதையை அகலமாக்கச் சொல்லப்போகிறோமா? பதினான்கு வயதில் இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டிய பிள்ளை பின்னாளில் கவுன்சிலராகவோ பொறியாளராகவோ வந்தால், அல்லது வெறும் வீட்டு உரிமையாளராகவே இருந்தாலும், நகரத்தை வேறு கண்ணால் பார்க்கும்.

யார் பதில் சொல்வது?

2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நகரவாசிக்குக் கிராம சபை போன்ற ஒன்று வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்குக் கிடைத்த வடிவம் அது. அதன் பக்கத்திலேயே குழந்தைகளுக்கான பகுதி சபையையும் நடத்தலாம். இடம், வார்டிலுள்ள அரசுப் பள்ளி. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் பள்ளிக்கே போகாத பிள்ளைகளும் அங்கே வரலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஏற்கெனவே உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாகவே கவுன்சிலரையும் வார்டு உதவிப் பொறியாளரையும் அழைக்கலாம். பிள்ளைகள் தங்கள் வரைபடத்தையும் அளவுகளையும் முன்வைக்கட்டும். கவுன்சிலரின் உரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், பதில் எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே மூன்றில் ஒன்று: இந்தத் தேதிக்குள் செய்கிறோம்; எங்கள் துறையில் இல்லை, இன்னாருக்கு அனுப்பியிருக்கிறோம்; செய்ய முடியாது, காரணம் இது. மூன்றாவது பதிலைச் சொல்ல அதிகாரிகள் தயங்க வேண்டியதில்லை. நிதி போதவில்லை, நிலம் வழக்கில் இருக்கிறது, குடிநீர் வாரியம் தோண்டி முடிக்கும்வரை சாலை போட முடியாது என்றெல்லாம் உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். ஒரு நகரம் எப்படி இயங்குகிறது என்ற பாடத்தில் பாதி அந்தக் காரணங்களில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் நம்பிக்கையை உடைப்பது மறுப்பு அல்ல, மௌனம். ஒருமுறை மனு கொடுத்துப் பதிலே வராத பிள்ளை, நகராட்சி என்றால் அப்படித்தான் என்று பதின்மூன்று வயதிலேயே முடிவு செய்துவிடும். அப்படி முடிவு செய்தவர்களால் நிறைந்த நகரங்களில்தான் நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு வார்டின் நிதியிலும் ஒரு சிறு பங்கைப் பிள்ளைகள் தீர்மானிக்கும் பணிக்கென ஒதுக்கலாம். ஒரு கடவைக்கோடு, இரண்டு தெருவிளக்கு, திடலில் ஒரு குடிநீர்க் குழாய் போதும். கேட்டது நடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு இது வழி.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது; அதன் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்த திட்டம் 2046 வரைக்குமானது. இன்று பத்து வயதாகும் பிள்ளை அந்தத் திட்டம் முடியும்போது முப்பதைத் தொட்டிருக்கும். தன் இளமை முழுவதையும் அது அந்தத் திட்டத்துக்குள்தான் வாழப்போகிறது. ஆட்சேபங்களையும் கருத்துகளையும் பொதுமக்களிடம் கேட்பது நகர ஊரமைப்புச் சட்டப்படி கட்டாயம். சட்டம் வயது பார்த்துக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை. திட்ட வரைவின் சுருக்கத்தை எட்டாம் வகுப்புத் தமிழில் எழுதி, அந்தந்தப் பகுதியின் வரைபடத்தோடு மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அனுப்பச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டு, பிள்ளைகள் தங்கள் ஆட்சேபங்களை எழுதித் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். வந்த ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.